நடந்தால் மூச்சு வாங்குகிறதா? முட்டி வலிக்கிறதா?



"தினமும் நடங்க" என்று டாக்டர் சொல்கிறார். நீங்களும் நாலு நாள் நடக்கிறீர்கள். ஐந்தாம் நாள் முட்டி வலி, இளைப்பு. "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுகிறீர்கள். இதைச் சோம்பல் என்று நாங்கள் சொல்லமாட்டோம். உடம்பின் எடையும் சாப்பாடும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இருக்க வேண்டியதைவிட 15 கிலோ கூடுதலாக இருப்பவர், எந்நேரமும் 15 கிலோ மூட்டையைச் சுமந்தே நடக்கிறார். மூட்டையை இறக்கி வைக்கலாம். இதை இறக்க முடியாது. முட்டித் தேய்மானம் உள்ள பருத்த உடம்புக்காரர்களிடம் ஆராய்ந்தபோது, எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைவதாகத் தெரிந்தது. அதனால் 3 கிலோ குறைந்தாலே நடை இலேசாகும்.

5 அடி 3 அங்குலம் உயரமுள்ளவர் 59 கிலோவைத் தாண்டினால் அதிக எடைதான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும்.

முன்பு கிணற்றில் நீர் இறைத்தோம், உரலில் மாவாட்டினோம், சந்தைக்கு நடந்தே போனோம். இன்று மோட்டார் இறைக்கிறது. 2011-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய மிக்சியும் கிரைண்டரும் பல வீடுகளில் அரைக்கின்றன. சந்தைக்கு வண்டி இருக்கிறது. சோறு மட்டும் அன்றைய அளவிலேயே விழுகிறது! தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்கு சோறு என்று மாற்றிப் பாருங்கள். பட்டினி கிடக்காதீர்கள், மயக்கம்தான் வரும்.

அரை மணி நேரம் நடந்தால் செலவாகும் சக்தி சுமார் 100 கலோரிதான். திரும்பும் வழியில் டீக்கடையில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் அது போனதற்கு மேலேயே வந்துவிடும். (நடப்பதே டீக்கடைக்குத்தான் என்பவர்களும் உண்டு.)

வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் நடந்தால் விலாவில் பிடிக்கும், நெஞ்சு கரிக்கும். 2 மணி நேரம் போகட்டும். ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. மடியில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். வெறுங்காலும் வேண்டாம்.

முதல் வாரம் சமதரையில் 10 நிமிடம் போதும். பிறகு வாரம் 5 நிமிடம் கூட்டி 30 நிமிடத்துக்கு வாருங்கள். வாரத்தில் 5 நாள் நடங்கள். வேகத்தை அறிய எளிய வழி, இருவரும் பேசிக்கொண்டே நடப்பது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கணவர் விறுவிறுவென்று முன்னே போக, மனைவி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வருவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அது உதவாது. மனைவி "ம்", "ஊம்" என்று மட்டும் பதில் சொன்னால், ஐயா, உங்கள் நடையைக் குறையுங்கள். வீட்டுக் கதை பேசி நடக்கும்போதுதான் நடை இனிக்கும். இனித்தால்தான் நாளையும் கிளம்புவீர்கள். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் பருத்தி உள்ளாடை அணிந்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

தாய்மார்களே, ஒல்லியாக இருந்தும் மூச்சு வாங்கினால் ரத்தசோகை இருக்கலாம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும். அதை டீயோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு வேகமாக நடந்தால், இருமினால் சிறுநீர் கசிகிறது என்று நடையையே விட்ட பெண்கள் பலர். வெட்கத்தால் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. எடை கூடினால் கசிவும் கூடும். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசைகளை 5 விநாடி இறுக்கித் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 10 தடவை, தினம் 3 வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யாதீர்கள். 3 மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலோருக்குக் குணம் தெரியும். கணவன்மார்களே, அவர் நடக்க மறுத்தால் கோபிக்காமல் காரணம் கேளுங்கள்.

நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உடனே உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் அங்கேயே இலவசமாகப் பார்ப்பார்கள். இருவருமாகப் போய் வாருங்கள்.