7 மாதத்தில் வலி வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்! குறைமாதக் குழந்தையின் மூச்சைக் காக்கும் ஊசி

எப்போதும்வென்றான்!

பெயரைக் கேட்டாலே தெம்பு வருகிறது அல்லவா? மதுரை-தூத்துக்குடி நாலு வழிச் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் போனால் எட்டயபுரம், அங்கிருந்து பிரிந்தால் கோவில்பட்டி. மறுபக்கம் போனால் தூத்துக்குடி.

இந்த ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி 9 மணி. மருமகள் 7 மாதக் கர்ப்பிணி.

"அத்தை, இடுப்பு விட்டு விட்டு வலிக்கு."

"ஏழாம் மாசந்தான தாயி. அது சூட்டு வலி. சீரகத் தண்ணி வச்சுத் தாரேன், குடிச்சிட்டுப் படு. காலைல பாப்போம்."

சீரகத் தண்ணீரால் ஒரு கெடுதலும் இல்லை. "காலைல பாப்போம்" என்றாரே, அதில்தான் ஆபத்து.

அது சூட்டு வலியாகவே இருக்கலாம். பிரசவ வலியாக இருந்துவிட்டால்? உள்ளே இருக்கும் குழந்தையின் நுரையீரல் இன்னும் மூச்சு விடத் தயாராகவில்லை. அதைத் தயார்படுத்த டாக்டர்களிடம் ஊசி இருக்கிறது. ஆனால் குழந்தை பிறந்த பிறகு அந்த ஊசியால் பயன் இல்லை. பிறப்பதற்கு முன்பு, தாய்க்குப் போட வேண்டும். அதற்குச் சில மணி நேரமாவது வேண்டும். சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்த அந்த ராத்திரிதான் அந்த நேரம்!

ஒட்டிக்கொள்ளும் பைகள்

நுரையீரல் என்பது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகளால் ஆனது. மூச்சை இழுத்தால் பை விரியும். விட்டால் சுருங்கும்.

மழையில் நனைந்த பாலிதீன் பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வராது. காற்றுப் பையின் உள்பக்கமும் ஈரம்தான். அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வழவழப்பான ஒரு பசையை நுரையீரலே சுரக்கிறது. சோப்புத் தண்ணீர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சர்பாக்டன்ட்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

கர்ப்பத்தின் 24-வது வாரத்தை ஒட்டி இது ஊறத் தொடங்குகிறது. போதுமான அளவு சேர்வதற்கு 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்கு முன்பே பிறந்த குழந்தைக்குப் பசை போதாது. ஒவ்வொரு மூச்சுக்கும் பைகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் முதல் மூச்சு இழுப்பது போலப் பாடுபட வேண்டும். பலூனை முதல் தடவை ஊதுவதுதான் கஷ்டம். இந்தக் குழந்தைக்கு எல்லா மூச்சும் முதல் மூச்சு! சில மணி நேரத்தில் களைத்துவிடும்.

"ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது" என்று நம்ம பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம். எட்டு மாதக் குழந்தைக்கு ஏழு மாதக் குழந்தையைவிட வாய்ப்பு அதிகம்.

ஜனாதிபதி மகனுக்கே இல்லாத மருந்து

1963-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் பாட்ரிக். ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. எடை சுமார் 2 கிலோ 100 கிராம்.

பிறந்தவுடன் மூச்சுத்திணறல். பாஸ்டன் நகரின் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காற்றழுத்தம் கூட்டிய பெரிய அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். பயன் இல்லை. பிறந்த 39 மணி நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது.

இதில் வேதனை என்னவென்றால், நோய்க்குக் காரணம் அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். பசை இல்லாததுதான் காரணம் என்று மேரி எல்லன் ஏவரி என்ற பெண் டாக்டர் 1959-ம் ஆண்டிலேயே, ஜியர் மீட் என்பவருடன் சேர்ந்து கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். காரணம் தெரிந்தது. மருந்துதான் இல்லை.

இன்று அதே எடையில் தூத்துக்குடியில் ஒரு குழந்தை பிறந்தால், வெள்ளை மாளிகைக் குழந்தைக்குக் கிடைக்காத சிகிச்சை அதற்குக் கிடைக்கும். 2 கிலோவைத் தாண்டிய குழந்தை பிழைப்பது இப்போது அதிசயம் இல்லை.

சாக வேண்டிய ஆட்டுக்குட்டி

ஊசியின் கதை ஆட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. கிடை போடும் நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும்.

நியூசிலாந்து நாட்டில் லிக்கின்ஸ் என்ற டாக்டர். பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டு இருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஒரு குட்டி மிகவும் முன்னதாகவே பிறந்துவிட்டது. அந்தக் கணக்குக்கு அது செத்திருக்க வேண்டும். மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது!

அறுத்துப் பார்த்தபோது, விரியாமல் இருக்க வேண்டிய நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. அவர் தேடியது வேறு, கிடைத்தது வேறு. ஹோவி என்ற குழந்தை டாக்டருடன் சேர்ந்து தாய்மார்களுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்த்தார். 1972-ல் முடிவை வெளியிட்டார். குழந்தைகளின் மூச்சுத்திணறலும் சாவும் குறைந்திருந்தன.

பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிக்குச் சரி, நமக்கு ஒத்துவருமா என்ற சந்தேகம் பல காலம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய 5 நாடுகளில் 2,852 கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்தது. 2020-ல் முடிவு வந்தது. ஊசி போடாதவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 23.5 இறந்தன. போட்டவர்களின் குழந்தைகளில் 19.6. அதாவது 25 தாய்மார்களுக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது.

ஊசியின் பெயர் டெக்சாமெத்தசோன். விலை சில ரூபாய்தான். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று டாக்டர் நினைத்தால் போடுவார். நாலும் போட்ட பிறகு பிறந்தால் நல்லது. அதற்குள் பிறந்துவிட்டாலும் போட்ட வரை ஓரளவு பயன் உண்டு. வலியை ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போட மருந்தும் இருக்கிறது.

மெடிக்கலில் வாங்கி நாமே போட்டுக்கொள்கிற சமாசாரம் இல்லை இது. வாரக் கணக்கைப் பார்த்து, தாய்க்குக் கிருமித் தொற்று உண்டா என்று பார்த்துத்தான் போடுவார்கள். ஆகவே கர்ப்பிணியின் கையேடும் ஸ்கேன் சீட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும். பீரோவுக்குள் பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் தேடாதீர்கள்.

வயிறுதான் நல்ல ஆம்புலன்ஸ்!

வீட்டில் பிரசவம் முடிந்து, ஒன்றரைக் கிலோ குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வேனில் ஓடுவது ஒரு வகை. வலி கண்ட உடனே தாயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தாயின் வயிற்றுக்குள் சூடு குறையாது. மூச்சு விட வேண்டிய வேலையும் இல்லை. வெளியே வந்த குறைமாதக் குழந்தை வழியிலேயே குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் மூச்சு இன்னும் மோசமாகும்.

தமிழ்நாட்டில் 2008-ல் இருந்து 108 ஓடுகிறது. 37 வாரம் முடிவதற்குள் விட்டு விட்டு வலி, நீர் உடைதல், ரத்தம் படுதல் எது இருந்தாலும் கூப்பிடுங்கள். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரியாகப் போக வேண்டும். குறைமாதம் என்று போனிலேயே சொல்லிவிட்டால் எங்கே போவது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

சூட்டு வலி என்று தெரிந்து திருப்பி அனுப்பினால்? சந்தோஷமாகத் திரும்பி வர வேண்டியதுதான்.

முனகினால் அழுகை அல்ல

குழந்தை பிறந்துவிட்டது. மூச்சு சரியில்லை என்று எப்படித் தெரியும்?

நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு. மூக்கு விடைக்கும். நெஞ்சுக் குழி உள்வாங்கும். உதடு நீலம் பாயும். மூச்சு விடும்போதெல்லாம் "ம்... ம்..." என்று முனகும்.

இந்த முனகலைக் கேட்டு, "பிள்ளை என்னமோ சிணுங்குது" என்று சிலர் நினைப்பார்கள். பைகள் ஒட்டிவிடாமல் இருக்கக் குழந்தை காற்றை அடக்கிப் பிடிக்கிற சத்தம் அது.

தண்ணீர் பாட்டிலில் குமிழி

உள்ளே கொண்டுபோனதும் மூக்கில் சின்னக் குழாய் வைப்பார்கள். இன்னொரு குழாய் தண்ணீர் பாட்டிலுக்குள் 5, 6 சென்டிமீட்டர் ஆழம் முங்கியிருக்கும். குழந்தை மூச்சு விட விட 'குபுகுபு' என்று குமிழி வரும். குழந்தை முனகி முனகிச் செய்த வேலையை இப்போது இந்த அழுத்தம் செய்கிறது. பைகள் மூடாது. 1971-ல் அமெரிக்க டாக்டர் கிரகரி தொடங்கி வைத்த முறை இது.

கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கும் அப்பாக்கள் குமிழியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குமிழி வந்தால்தான் நல்லது!

அதுவும் போதாவிட்டால் பசையையே கொடுப்பார்கள். மாட்டின் அல்லது பன்றியின் நுரையீரலில் இருந்து எடுத்துச் சுத்தம் செய்த மருந்து. குழந்தையின் எடையில் கிலோவுக்கு இரண்டரை முதல் 4 மில்லி வரை, மெல்லிய குழாய் மூலம் மூச்சுக் குழலுக்குள் விடுவார்கள். 1980-ல் ஜப்பானிய டாக்டர் புஜிவாரா 10 குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். நம் நாட்டில் ஆட்டின் நுரையீரலில் இருந்தும் இதைத் தயாரித்துச் சோதித்திருக்கிறார்கள்.

ஒரு தடவை மருந்துக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். தாய்க்கு முன்பே ஊசி போட்டிருந்தால் இந்தச் செலவே இல்லாமல் போக வாய்ப்பு உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு இலவச சிகிச்சை தர வேண்டும் என்று 2011-ல் இருந்தே மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. கேட்டுப் பெறத் தயங்காதீர்கள்.

சில குழந்தைகள் மூச்சு விடவே மறந்துவிடும். அதற்குக் காபின் மருந்து. ஆம், நாம் குடிக்கிற காப்பியில் இருப்பதேதான்! அதற்காகச் சங்கில் காப்பி புகட்டிவிடாதீர்கள்.

ஆக்சிஜனைக் கூட்டி வைக்கச் சொல்லிச் சண்டை போடும் உறவினர்களும் உண்டு. வேண்டாம். அளவு மீறினால் குழந்தையின் கண் நரம்புத் திரை கெடும். 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும், 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் 30 நாளுக்குள் கண் பரிசோதனை கட்டாயம். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே வேண்டும். மூச்சு சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் பலர் மறப்பது இதைத்தான்.

எல்லாக் குழந்தையும் பிழைத்துவிடும் என்று சொன்னால் அது பொய். 28 வாரத்துக்கு முன் பிறந்தால் போராட்டம் கடுமை. பல வாரம் ஆக்சிஜனில் இருந்த நுரையீரல் தேற மாதக் கணக்கில் ஆகும். "நீ வெயிட்டு தூக்குன, அதான்" என்று தாயைக் குறை சொல்லும் பேச்சு ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கும். பெரும்பாலும் காரணம் டாக்டருக்கே தெரியாது. தாய் மேல் பழி போடாதீர்கள்.

அப்பா நெஞ்சும் சூடுதான்

கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாக்குறை. டாக்டர் எட்கர் ரே ஒரு யோசனை செய்தார். குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். கங்காரு முறை என்று பெயர்.

ஏழைக்கு ஏற்ற ஏற்பாடு என்று அப்போது நினைத்தார்கள். 2021-ல் வெளியான ஆய்வு அதை மாற்றிவிட்டது. தில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி உள்பட 5 ஆஸ்பத்திரிகளில், 1 கிலோ முதல் 1 கிலோ 800 கிராம் வரை உள்ள குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்தார்கள். சாவு நாலில் ஒரு பங்கு குறைந்தது! தாய் எழுந்திருக்க முடியாவிட்டால் அப்பா வைத்துக்கொள்ளலாம். பாட்டியும் வைத்துக்கொள்ளலாம். கை கழுவிவிட்டு, சட்டையைக் கழற்றினால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு புகை ஆகாது. பீடி, சிகரெட் ஆகாது. விறகு அடுப்புப் பக்கம் குழந்தையைக் கிடத்தக் கூடாது. தீபாவளிக்குத் தெருவில் வெடி போடும்போது கதவை அடையுங்கள்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவோமே, அதுவும் கூடாது. பாட்டி கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும்.