ஏழு வருஷப் படிப்பும் மேட்டூர்த் தண்ணீரும்

பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணாக்கர், தாம் ஒருங்கிருந்த வருஷங்களை நினைவு கூர்தல் இயல்பு. தாராசுரம் முதலிய அரசலாற்றுப் பாசன ஊர்களில் 2020-ம் வருஷம் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த குடியானவர் வீட்டுப் பிள்ளைகளின் நினைவு மிராசுதாரர்களுக்கும் பாடமாவது.

அவர்கள் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தது 2013 ஜூனில். மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். அவர்கள் படித்த ஏழு வருஷங்களில் ஒரு முறையேனும் அத்தேதியில் திறக்கப்படவில்லை. 2013-ல் ஆகஸ்டு 2, 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2, 2019-ல் ஆகஸ்டு 13. ஆற்றை மட்டும் நம்பியவர்களுக்குக் குறுவை இல்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது.

2020 மார்ச்சு 24-ந் தேதி கடைசிப் பரீட்சை. அன்று மாலையே கொள்ளைநோயை முன்னிட்டு ஊரடங்கு தொடங்கிற்று. பிள்ளைகள் பள்ளியை விட்ட பின், அவ்வருஷம் ஜூன் 12-ந் தேதி அணை குறித்தபடி திறக்கப்பட்டது!

இத்தகைய பிள்ளை, 'பயிர்த்தொழில் வேண்டாம்' என்றால் கடிந்து பயனில்லை. அவன் கண்டது அவ்வளவே. வீட்டுச் சாகுபடிக் கணக்கை அவனிடமே ஒப்புவியுங்கள். தண்ணீர் வந்த தேதி, விதைத்த ரகம், கண்ட மகசூல் ஆகியவற்றை வருஷவாரியாக எழுதச் சொல்லுங்கள். ஜூனில் தண்ணீர் வரின் 110 நாட் குறுவை, ஆகஸ்டில் வரின் 150 நாளுக்கு மேற்பட்ட சம்பா, செப்டம்பர் பிற்பகுதியாயின் 130 நாள் மத்திய கால ரகம் என்பது அக்கணக்கால் விளங்கும். கிராம உத்தியோகஸ்தர்கள் இக்கணக்குகளை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கச் செய்தல் நலம்.