புருஷன் கைவிட்டான், பெற்றோருக்குப் பின் யார்?
மனநோய் வந்த பெண்களின் பரிதாப நிலை

சென்னை, அண்ணாநகர்:

மனைவிக்கு மனநோய் என்று தெரிந்ததும் பிறந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு நழுவும் கணவர்கள் உண்டு. முறையான விவாகரத்தும் கிடையாது, ஜீவனாம்சமும் கிடையாது. தள்ளாத வயதில் தாய், தகப்பன்தான் சோறு போட்டு, மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட பெண்களையும் குடும்பத்தாரையும் அண்ணாநகர் 'ஸ்கார்ப்' நிறுவனத்தின் டாக்டர் தாரா குழுவினர் சந்தித்துப் பேசினர். 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய மனநல ஆராய்ச்சி நிறுவனம் இது. முடிவுகள் 2003-ல் வெளிவந்தன.

"வாழாவெட்டி"

பைத்தியம் என்ற பேச்சைவிட, 'வாழாவெட்டி' என்ற பேச்சுதான் பல குடும்பங்களைச் சுட்டதாம். நம்ம காலத்துக்கு அப்புறம் இவளை யார் பார்ப்பா என்பதே பெற்றோரின் தீராத கவலை.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தக்காரர்கள் சேர்க்கவில்லை என்பதற்காக ஒருவரை மனநல ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். தங்க இல்லம் அமைப்பது அரசின் பொறுப்பு. ஜீவனாம்ச வழக்குப் போட, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை.