ஆப்பிளுக்கு ஏன் அலையணும்? எலுமிச்சைத் தோட்டத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள்!

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நம்மவர்கள் முதலில் வாங்குவது ஆப்பிள்தான். இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் பறித்து, குளிர்பதனக் கிடங்கில் வைத்திருந்து, லாரி ஏறி வருகிற பழம். "டாக்டர், ஆப்பிள் கொடுக்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் வைட்டமின் 'சி' கணக்கைப் பார்த்தால், நூறு கிராம் ஆப்பிளில் இருப்பது சுமார் ஐந்து மில்லிகிராம். அதே எடை எலுமிச்சையில் சுமார் முப்பது. ஆப்பிள் தோட்டத்தைப் பார்க்க மலை தாண்டிப் போகணும். எலுமிச்சைத் தோட்டமோ நம்ம சிவகிரியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

மதுரை - தென்காசி சாலையில் தெற்கே போனால் முதலில் வாசுதேவநல்லூர், அடுத்து புளியங்குடி. வலது கைப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். அந்த மலையடிவாரத்துச் செம்மண்ணில்தான் எலுமிச்சைத் தோட்டங்கள். புளியங்குடி எலுமிச்சை புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அங்குள்ள சந்தையில் மூட்டை மூட்டையாக ஏலம் போய், கேரளாவுக்கும் மற்ற ஊர்களுக்கும் லாரி ஏறுகிறது. காலையிலேயே போனால் பிள்ளைகளுக்கு அந்த ஏலத்தையும் காட்டலாம்.

ஐப்பசியில் மழை விட்டு வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். அடைமழை நாளில் வேண்டாம். ஓடையில் திடீரென்று தண்ணீர் வரும். புல்லுக்குள் பாம்பு, தேள் இருக்கும். தெரிந்தவர் தோட்டமாக இருந்தால் நல்லது. இல்லையென்றாலும், "அண்ணாச்சி, பிள்ளைகளுக்குத் தோட்டத்தைக் காட்டிட்டுப் போயிடுறோம்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் மட்டும் நுழைய வேண்டாம். காட்டுப்பன்றிக்காக மின்வேலி போட்டிருக்கலாம். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுங்கள். மலையோரம் என்பதால் யானை வருகிற இடங்களும் உண்டு.

காலில் செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள், முழுக்கைச் சட்டையும் போடுங்கள். எலுமிச்சை முள் லேசுப்பட்டதல்ல. ஆழமாகக் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

மரத்தடியில் நின்று பாருங்கள். ஒரே கிளையில் பூ, பிஞ்சு, காய், பழம் நாலும் இருக்கும். பூ பழமாக ஐந்தாறு மாதம் ஆகும். தூரத்துக்கு அனுப்புவதைப் பச்சையாகவே பறிக்கிறார்கள். உள்ளூருக்கு மஞ்சளாகப் பழுத்தது. சாறு பிழிய மஞ்சள் பழம்தான் சிறந்தது. தோலில் சொரசொரப்பாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் அது சொறிநோய், மரத்துக்கு வருகிற பாக்டீரியா நோய். நமக்குத் தொற்றாது. தோல் மெல்லியதாக, கையில் கனமாக இருக்கிற பழத்தை எடுங்கள். மருந்து அடித்து எத்தனை நாளாச்சு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் கழுவாமல் நறுக்காதீர்கள்.

தோட்டத்திலேயே பழத்தைப் பிழிந்து விளையாடுகிற பிள்ளைகளைக் கவனியுங்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து, கொப்புளம் வந்து, கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். சூடு வைத்ததுபோல் இருப்பதால் பெற்றவர்களே பயந்துபோய் வருவார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெயிலில் விடணும். முகம் சிவப்பாகணும் என்று எலுமிச்சை மூடியைத் தேய்த்துக்கொண்டு வெளியே போகிற பெண்களுக்கும் இதேதான். எத்தனை அழகுக் குறிப்புகளில் வந்தாலும் சரி, அதை விட்டுவிடுங்கள் அம்மா.

மழைக்காலத்தில் எலுமிச்சை விலை இறங்கிவிடும். பங்குனி, சித்திரையில் ஏறும். ஆக, கை நிறைய வாங்கி வருகிற காலம் இதுதான். வாங்கி வந்து என்ன செய்வது? இதுதான் எனக்கு முக்கியம்.

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. குழந்தைகளிலும் அப்படியே. எலுமிச்சை விளைகிற நம்ம பக்கத்திலும் வெளிறிய முகங்களுக்குக் குறைவில்லை. முருங்கைக்கீரை சாப்பிடுகிறார்கள், கேழ்வரகு சாப்பிடுகிறார்கள், ஆனாலும் ரத்தம் ஊறவில்லை. காய்கறி, தானியத்தில் உள்ள இரும்புச்சத்தைக் குடல் லேசில் உறிஞ்சாது. அதே சாப்பாட்டோடு வைட்டமின் 'சி' சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சும். அதனால் கீரையை அடுப்பிலிருந்து இறக்கி, சோற்றில் பிசையும்போது அரை மூடி பிழியுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் சத்தில் ஒரு பங்கு வீண். சாப்பிட்டவுடன் டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரமாவது போகட்டும். சித்த மருத்துவத்தில் இரும்புச்சத்துள்ள அன்னபேதியை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துத்தான் செந்தூரம் முடிக்கிறோம். அதை நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கீரையும் எலுமிச்சையும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரத்தம் மிகவும் குறைந்திருந்தால் இது மட்டும் போதாது, பரிசோதனை செய்து மருந்து எடுக்கணும்.

பிழிந்து பாட்டிலில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறில் ரத்தம் கசிகிற ஸ்கர்வி நோயில் கிடந்த 12 மாலுமிகளுக்கு இரண்டிரண்டு பேராக ஆறு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள். 1795ல் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது. பிற்காலத்தில் சத்து குறைந்த வேறு ரகத்துக்கு மாறி, சாற்றையும் நாள்பட வைத்துக் கொடுத்ததில் ஸ்கர்வி திரும்பவும் வந்துவிட்டது. அவ்வப்போது பிழிவதுதான் சரி. பழத்தை ஈரமில்லாமல் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் இருக்கும்.

ஊறுகாய் போடுகிறவர்கள் பீங்கான் ஜாடியில் போடுங்கள். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை ஆகாது, புளிப்பு அதை அரிக்கும். தோட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற எலுமிச்சைச் சாதத்துக்கும் எவர்சில்வர் தூக்குதான். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஊறுகாய் உப்பு வேண்டாம். பழத்தைப் பிழிந்துகொண்டால் போதும். வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் குடித்தால் உடம்பு இளைக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எப்போது சாறு குடித்தாலும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்கினால் எனாமல் தேயும்.