உஷார்! லாரி ஓடியது நிஜம்... இன்ஜின் ஓடவில்லை!

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுகிறது. மனித உருவ ரோபோ ஒன்று துணி மடிக்கிறது, அல்லது டேங்கில் தண்ணீர் ஊற்றியதும் பைக் சீறிப் பாய்கிறது. 'இது கிராஃபிக்ஸா, ஏ.ஐ.யா, ஒரிஜினலா?' என்று உடனே பட்டிமன்றம் தொடங்கும். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாலே உஷாராகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். உலகத்தையே ஏமாற்றிய சில வீடியோக்களில் கிராஃபிக்ஸ் துளிகூட இல்லை. கேமராவில் பதிவான எல்லாமே உண்மையில் நடந்தவை. பொய் இருந்தது கேமராவுக்கு வெளியே!

சரிவில் உருண்ட லாரி

அமெரிக்காவின் நிகோலா நிறுவனம் 2018 ஜனவரியில் ஒரு வீடியோ வெளியிட்டது. ஹைட்ரஜனில் ஓடப்போவதாகச் சொல்லப்பட்ட 'நிகோலா ஒன்' லாரி, ஆளரவமற்ற சாலையில் கம்பீரமாக வருகிறது. டயர் சுற்றுகிறது, நிழல் கூடவே ஓடுகிறது, எதிலும் குறை சொல்ல முடியாது. 2020 ஜூனில் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது, அதன் சந்தை மதிப்பு சில நாட்களுக்கு ஃபோர்டையே தாண்டியது. அதுவரை ஒரு லாரியைக்கூட அது விற்றிருக்கவில்லை!

அந்த செப்டம்பரில் ஹிண்டன்பர்க் நிறுவனம் குட்டை உடைத்தது. பின்னாளில் அதானி விவகாரத்தில் நம் ஊர்ச் செய்திகளில் அடிபட்ட அதே ஹிண்டன்பர்க்தான். நிகோலாவின் பங்கு விலை சரிந்தால் ஹிண்டன்பர்க்குக்கு லாபம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஆனால் அது சொன்ன விஷயத்தை நிகோலாவால் மறுக்க முடியவில்லை. யூட்டா மாநிலத்தில் பார்வைக்குச் சமதளம் போலத் தெரியும் ஒரு நீண்ட சரிவின் உச்சிக்கு லாரியை இழுத்துக்கொண்டு போய், பிரேக்கை விட்டிருக்கிறார்கள். அது தானாக உருண்டு வந்திருக்கிறது. படப்பிடிப்புக்காக லாரியின் கதவை டேப் போட்டு ஒட்டி வைத்த கதையும் பிறகு வழக்கில் வெளிவந்தது.

நிறுவனம் சொன்ன பதில்தான் இன்னும் அபாரம். 'லாரி சொந்த சக்தியில் ஓடுகிறது என்று அந்த வீடியோவில் நாங்கள் எங்கேயும் சொல்லவில்லையே!' தலைப்பில் இருந்தது 'நிகோலா ஒன் நகர்கிறது' என்ற அளவில்தான். மிச்சத்தைப் பார்த்தவர்களே கற்பனை செய்துகொண்டார்களாம். நிறுவனர் ட்ரெவர் மில்டன் 2022 அக்டோபரில் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு நான்கு வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அதிபர் ட்ரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார். நிகோலா அதற்கு முந்தைய மாதமே திவால் மனு போட்டிருந்தது. பங்கு வாங்கிய சாமானியர்களுக்கு மிஞ்சியது நாமம்!

பெரிய கைகளும் விலக்கல்ல

'பிரபல நிறுவனம்தானே, ஏமாற்றவா போகிறது?' என்று அசட்டையாக இருக்காதீர்கள். 2016 அக்டோபரில் டெஸ்லா ஒரு வீடியோ வெளியிட்டது. 'ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் சட்டத்துக்காக மட்டுமே. கார் தானே ஓடுகிறது' என்ற ரீதியில் அறிவிப்போடு தொடங்கும். விபத்து வழக்கு ஒன்றில் டெஸ்லாவின் மூத்த பொறியாளர் அசோக் எல்லுசாமி அளித்த வாக்குமூலம் 2023-ல் வெளியானபோது மீதிக் கதை தெரிந்தது. இவர் நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியின் முன்னாள் மாணவர். முன்கூட்டியே முப்பரிமாண வரைபடம் தயாரித்த குறிப்பிட்ட பாதையில்தான் கார் போயிருக்கிறது. ஒத்திகைகளில் ஓட்டுநர்கள் குறுக்கிட வேண்டியிருந்தது. தானாக பார்க் செய்யும் காட்சிக்கான முயற்சியில் கார் வேலியிலேயே மோதியிருக்கிறது. அப்போது வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்ததை அல்ல, அந்த அமைப்பில் எதையெல்லாம் உருவாக்க முடியும் என்பதைக் காட்டுவதே வீடியோவின் நோக்கம் என்பது அவர் விளக்கம்.

2023 டிசம்பரில் கூகுள் தன் ஜெமினி ஏ.ஐ.யை ஒரு வீடியோவில் காட்டியது. ஒரு கை, மேஜைமேல் கல், காகிதம், கத்தரி சைகைகளைக் காட்டும். 'நீங்கள் கல்-காகிதம்-கத்தரி விளையாடுகிறீர்கள்' என்று ஏ.ஐ. பட்டென்று பேசும். உண்மையில் மூன்று சைகைகளின் நிழற்படங்களையும் ஒன்றாகக் கொடுத்து, 'இது ஒரு விளையாட்டு' என்று எழுத்தில் துப்பும் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரும் நேரத்தைச் சுருக்கிய விஷயம் யூடியூப் விளக்கக் குறிப்பில் இருந்தது. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

2024 ஜனவரியில் டெஸ்லாவின் ஆப்டிமஸ் ரோபோ சட்டை மடித்தது. கூர்ந்து பார்த்தவர்கள், திரையின் வலது கீழ் ஓரத்தில் ஒரு மனிதக் கை அவ்வப்போது எட்டிப் பார்ப்பதைக் கண்டுபிடித்தார்கள். ரோபோவின் கை அசைவுக்கு அப்படியே ஒத்துப்போனது அந்தக் கை. பக்கத்தில் நின்று ஒருவர் இயக்க, ரோபோ அதைப் பின்பற்றியிருக்கிறது. ரோபோவால் இன்னும் இதைத் தானாகச் செய்ய முடியாது என்று எலான் மஸ்க் பிறகு சொன்னார்.

தட்டிப் பார்க்க ஐந்து கேள்விகள்

ஆறு விரல், வளைந்த முகம் என்று ஏ.ஐ. வீடியோவைக் கண்டுபிடிக்கும் பழைய அடையாளங்களை இனி நம்பாதீர்கள். மாதத்துக்கு மாதம் அவை மறைந்துவருகின்றன. வாட்டர்மார்க் இல்லை என்பதும் சான்றிதழ் ஆகாது, வெட்டி எறிந்திருக்கலாம். அதைவிட உருப்படியான கேள்விகள் இவை:

1. எங்கே வெட்டியிருக்கிறார்கள்? கடினமான வேலை நடக்கும் அந்த விநாடியில் காட்சி மாறுகிறதா? ஓரத்தில் '2எக்ஸ்', '10எக்ஸ்' என்று வேகம் எழுதியிருக்கிறதா? எழுதியவர் ஓரளவு நேர்மையானவர்.

2. இயக்குவது யார்? ரோபோ தானே முடிவெடுக்கிறதா, தூரத்தில் ஒருவர் ரிமோட்டில் ஆட்டுகிறாரா? 'தானாக' என்ற சொல் வீடியோவில் இல்லையென்றால், ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3. சக்தி எங்கிருந்து வருகிறது? தண்ணீரில் ஓடும் வண்டி என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதைப் பிரிக்கச் செலவாகும் சக்தி, மறுபடி எரித்துக் கிடைப்பதைவிடக் குறையவே குறையாது. தண்ணீர்க் கார் காட்டிய அமெரிக்கர் ஸ்டான்லி மேயரின் கருவியில் சாதாரண மின்பகுப்பைத் தவிர ஒன்றுமில்லை என்று கண்டு, முதலீட்டாளர் இருவருக்கும் பணத்தைத் திருப்பித் தரும்படி 1996-ல் ஓஹையோ நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் வீடியோக்கள் இன்றும் சுற்றுகின்றன.

4. வேறு யார் படம் பிடித்தார்கள்? 2024 அக்டோபரில் ஸ்பேஸ் எக்ஸ் ராக்கெட்டின் பூஸ்டரை ராட்சத இரும்புக் கைகள் அந்தரத்தில் பிடித்தன. பார்க்க சினிமா போலத்தான் இருந்தது. ஆனால் கடற்கரையில் நின்ற பொதுமக்கள் பல கோணங்களில் தங்கள் கேமராவிலும் பதிவு செய்திருந்தார்கள். உண்மைக்கு வெளிச் சாட்சி கிடைக்கும். ஒரே கோணம், ஒரே வீடியோ, வெளியிட்டவர் தவிர வேறு சாட்சி இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

5. முதலில் வெளியிட்டது யார், எப்போது? ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். அது விளம்பரப் படமாகவோ, யாரோ விளையாட்டுக்குச் செய்ததாகவோ இருக்கலாம். ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டோபர் லாய்டு, ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் எல்லாம் வந்த 2014-ன் பறக்கும் பலகை வீடியோ, ஒரு நகைச்சுவை நிறுவனத்தின் கைவண்ணம்!

பணம் கேட்டால் நிறுத்துங்கள்

வாயைப் பிளந்து பார்ப்பதால் நஷ்டமில்லை. வீடியோவோடு ஒரு லிங்க்கும், 'இன்றே முதலீடு செய்யுங்கள்' என்ற அவசரமும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஏ.ஐ. வர்த்தக மென்பொருளுக்குத் தான் ஆதரவு தருவதாகப் போலி வீடியோக்கள் உலவுவதாக 2023 டிசம்பரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியே எச்சரிக்க வேண்டி வந்தது. இப்போது குரலையும் முகத்தையும் நகலெடுப்பது முன்பைவிட எளிது. பிரபலம் சொல்கிறார் என்பது இனி எந்த ஆதாரமும் ஆகாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதால், சீக்கிரம் சொன்னால்தான் கணக்கை முடக்க வழி உண்டு.

முன்பதிவோ முதலீடோ கேட்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'வெளியாள் ஒருவர் கையில் கொடுத்து, அவர் சொல்லும் இடத்தில், வெட்டாமல் ஒரு முறை ஓட்டிக் காட்டுவீர்களா?' தரமான பொருள் வைத்திருப்பவர் தேதி கொடுப்பார். மழுப்பினால் பர்ஸை மூடுங்கள்!