முழங்காலின் பின்னே ஒரு கட்டி

முழங்காலின் பின்குழியில் ஒரு வீக்கம் எழுந்து, காலை நீட்டி நிற்கையில் விறைத்தும் மடக்குகையில் தளர்ந்தும் காணுமாயின், அது பெரும்பாலும் புற்றுநோயன்று. மூட்டுக்குள் மிகுதியாகச் சுரந்த நீர் பின்புறத்துப் பையொன்றில் தேங்கியதால் உண்டான நீர்க்கட்டியே ஆகும். 1877ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதிய லண்டன் சஸ்திர வைத்தியர் வில்லியம் மோரன்ட் பேக்கரின் பெயரால் இது பேக்கர் கட்டி என வழங்குகிறது.

மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம், மூட்டுச் சவ்வின் கிழிசல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றே பெரியவர்களிடத்தில் பெரும்பாலும் இதற்குக் காரணமாதலின், மூலவியாதியைக் கவனியாமல் ஊசியால் நீரை மாத்திரம் வாங்கிவிட்டால், கட்டி மீண்டும் நிரம்புவது சகஜம். குழந்தைகளுக்கு வருவதோ பெரும்பாலும் சிகிச்சையின்றியே காலப்போக்கில் மறைந்துவிடும்.

ஆயினும் அபாயம் ஒன்று உண்டு. கட்டி திடீரென உடையுமாயின், உள்ளிருந்த நீர் கெண்டைச் சதைக்குள் இறங்கி வலியும் வீக்கமும் சிவப்பும் உண்டாக்கும்; காலின் ஆழ்ந்த ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்தாலும் இதே குறிகள்தாம் தோன்றும். உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் பிராணனுக்கே ஆபத்து நேருமாகையால், சுளுக்கென்று கருதி எண்ணெயிட்டு நீவுவதை அறவே தவிர்த்து, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஸ்கேன் செய்து நிச்சயித்துக்கொள்வதே விவேகம். மூச்சுத்திணறலோ மார்புவலியோ உடன் தோன்றினால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கட்டி நாடிபோல் துடிக்குமாயின், அது தமனியின் புடைப்பாக இருக்கக்கூடும். பரிசோதித்து அறியுமுன் அதில் ஊசி படவே கூடாது.

தொந்தரவு தராத கட்டியை அப்படியே விட்டுவிடலாம். வலிக்குமாயின் ஓய்வும், துணியில் சுற்றிய ஐஸ்கட்டி ஒத்தடமும், வைத்தியர் தரும் மாத்திரையும், தொடைத் தசையை வலுப்படுத்தும் அப்பியாசமும், மிகுந்த உடல் எடையைக் குறைத்தலும் பலருக்குப் போதும்; இவற்றால் தணியாதபோது, நீரை வாங்கி ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவர். சஸ்திர சிகிச்சை அபூர்வமாகவே அவசியமாகிறது.

ஆகவே, எவரேனும் கட்டியை அகற்றச் சொன்னால், மூட்டிலுள்ள மூலகாரணம் யாது, வேறு வழி உண்டா, கட்டி திரும்ப வருமா என்று கேட்டறிந்த பின்னரே சம்மதம் அளிப்பதும், மற்றொரு வைத்தியரின் அபிப்பிராயத்தை நாடுவதும் நோயாளியின் உரிமைகளாகும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் தம் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் அளிக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ நெறி விதிகள் கூறுகின்றன. கேட்பதை மரியாதைக் குறைவென்று எண்ணி எவரும் கூசவேண்டியதில்லை.