மாதக் கடைசியில் தூக்கம் வராதவர்கள்

கண்டியிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால், அக்குறணை நெரிசலைத் தாண்டியதும் வருவது அலவத்துகொட. காலை வெளுக்கும்போதே இங்குள்ள பஸ் தரிப்பிடத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். கண்டி நகரத்து வங்கி, லீசிங் கொம்பனி, ஆஸ்பத்திரி, பல்லேகலைக் கைத்தொழில் பேட்டை, அக்குறணைக் கடைகள் என்று ஆளுக்கொரு திசை. கட்டுகஸ்தோட்டையில் வாகனங்கள் நகராமல் நின்றால், வேலை தொடங்கும் முன்னரே தலைவலி தொடங்கிவிடும். பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகருக்குள் தண்ணீர் வந்த நாளில், ‘வெள்ளம் சேர்’ என்று சொல்வது மட்டும் போதாது. போட்டோவும் எடுத்து அனுப்ப வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு லீசிங் கொம்பனியின் தவணை வசூலிக்கும் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் இருபதாம் திகதியைத் தாண்டினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மூன்று மாதமாக முச்சக்கர வண்டித் தவணை கட்டாதவர்களின் பட்டியல் கையில் இருக்கும். அதில் ஒருவர் பக்கத்து வீதிக்காரர், மாமா முறை. இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் அன்றைய கணக்கு வரும், டார்கெட்டுக்குக் கீழே இருப்பவர்களின் பெயர் சிவப்பில். யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சுக்குள் ஏதோ அடைப்பதுபோல் இருக்கிறது. போனை எடுத்துப் பார்க்கிறார்.

இதில் எது வேலைக் கஷ்டம், எது மன அழுத்தம்? வேலை அதிகமாக இருப்பது மட்டுமே அழுத்தம் ஆகாது. அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த விளக்கம் இன்றும் செல்லுபடியாகிறது: வேலையின் நெருக்கடி கூடவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறையவும் செய்யும்போதுதான் உடம்பு உடைகிறது. லண்டன் அரசாங்க ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு இதற்கு வலுவான சான்று. பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். சுமார் 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தபோது படம் தலைகீழாக மாறியது. வாசல் காப்பவர், தகவல் கொண்டுபோகிறவர் போன்ற கடைநிலை ஊழியர்களே உயரதிகாரிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இதய நோயால் இறந்தார்கள். புகைத்தல், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசத்தின் பெரும் பகுதி அப்படியே இருந்தது.

மன அழுத்தம் என்றால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் வியாதி என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. கண்டி, மாத்தளை மலைகளில் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கேட்டால் வேறு கதை வரும். குறித்த நிறை எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மழை பெய்தாலும், செடியில் கொழுந்து இல்லாவிட்டாலும் அதே நிறைதான். கராசெக்கின் கணக்குப்படி இதைவிடக் கடுமையான வேலை கிடைப்பது அரிது. ஆனால் அவர்களுடைய களைப்புக்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ‘பர்ன் அவுட்’ எனப்படும் வேலைச் சோர்வுக்கு வரையறை தந்தது. அது ஒரு நோய் அல்ல, தொழில் சார்ந்த ஒரு நிலை. சக்தி முழுவதும் வற்றிப்போதல், வேலையின் மீது வெறுப்பும் விலகலும், தன்னால் எதுவும் உருப்படியாக நடப்பதில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்துவருவது. நோய் அல்ல என்பதைப் பலர் ‘ஒன்றுமில்லை’ என்று வாசித்துவிடுகிறார்கள். உண்மையில் அது பொறுப்பை ஊழியரின் மூளையிலிருந்து வேலைத்தளத்தின் பக்கம் திருப்புகிறது. அதே ஸ்தாபனமும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016இல் மட்டும் 745,000 பேர் இறந்தார்கள். ஆபத்து ஏறும் கோடாக அவர்கள் எடுத்துக்கொண்டது வாரத்துக்கு 55 மணித்தியாலம்.

இந்த எண்ணை நமது சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியால வேலை என்கிறது. அதற்கு மேல் 12 மணித்தியாலம் வரை ஓவர்டைம் கொடுக்கலாம். மொத்தம் 57. சட்டத்தை ஒரு புள்ளி பிசகாமல் கடைப்பிடிக்கும் முதலாளியின் கீழேயே ஒருவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். இரவு எட்டு மணி வட்ஸ்அப்பும் அக்குறணை நெரிசலும் இந்தக் கணக்கில் இல்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ இயந்திரம், வெளிச்சம், காற்றோட்டம், மலசலகூடம் என்று பேசுகிறது. மனதின் சுமை அந்தக் காலத்துச் சட்டத்தில் எங்கே வரப்போகிறது? வேலை நீக்கத்துக்கு எதிரான 1971ஆம் ஆண்டுச் சட்டம் 15 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள இடங்களுக்குப் பொருந்தாது. அக்குறணையிலோ அலவத்துகொடயிலோ எத்தனை கடைகளில் 15 பேர் இருக்கிறார்கள்? அங்கே வேலை செய்யும் பிள்ளை வாய் திறக்கத் தயங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

2022 நெருக்கடி இந்தத் தயக்கத்தை இன்னும் இறுக்கியது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. சம்பளம் பழைய இடத்திலேயே நின்றது. ‘கையில் ஒரு வேலை இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம்’ என்ற வார்த்தை அன்றிலிருந்து எல்லா முறைப்பாட்டுக்கும் பதிலாகிவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து வீடும் உறவும் போனவர்கள், சில வாரங்களில் மறுபடி மேசைக்கும் மெஷினுக்கும் திரும்ப வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் நமது ஆட்கள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் ஓ.பி.டி.க்கு. ‘கேஸ்ட்ரிக் டொக்டர்’ என்று சொல்லி மாத்திரை வாங்குகிறார்கள். தலைவலி, இடுப்பு வலி, தூக்கமின்மை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டொக்டரைச் சனல் பண்ணுகிறார்கள். பொய் சொல்லவில்லை, வயிறு உண்மையாகவே எரிகிறது. ஆனால் எரிவதன் காரணத்தைச் சொன்னால் ‘அங்கொடைக் கேஸ்’ என்று பெயர் விழுந்துவிடுமோ என்ற பயம். அங்கொட ஆஸ்பத்திரி தேசிய மனநல நிறுவகமாகப் பெயர் மாறிப் பல வருடமாகியும், கேலிப் பேச்சில் அந்த ஊரின் பெயர் இன்னும் மாறவில்லை. பெண் பார்க்கும் காலத்தில் இந்தப் பேச்சு கிளம்பினால் என்னவாகும் என்பதை இந்த ஊர்த் தாய்மாருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

உளவளத்துணை என்பது பைத்தியத்துக்கு வைத்தியமும் அல்ல, புத்திமதியும் அல்ல. புத்திமதி நமக்குப் பஸ்ஸிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. உளவளத்துணையாளர் முதலில் செய்வது ஓர் எல்லை போடுவது. இங்கே பேசுவது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, பிள்ளைகள் துன்புறுத்தப்படுவது போன்ற ஒருசில சந்தர்ப்பங்கள் மட்டுமே விதிவிலக்கு. பிறகு சுமார் முக்கால் மணித்தியாலம் கேட்பது. எப்போது தூங்குகிறீர்கள், எந்த மணிக்கு விழிக்கிறீர்கள், விழித்ததும் முதலில் வரும் நினைப்பு என்ன? கடுமையான மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவதும் அவருடைய வேலைதான்.

மேலே சொன்ன இளைஞர் போனால் என்ன நடக்கலாம்? இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் ஒரு சின்ன ஒத்திகை. உளவளத்துணையாளர் மெனேஜராக நடிக்கிறார், இவர் பேச வேண்டும். முதலில் வாயில் வருவது, “சேர், கோவிச்சுக்காதீங்க, ஏலும்னா ஞாயித்துக்கெழம மட்டும்...” என்று இழுக்கும் ஒரு கெஞ்சல். நாலைந்து முறை சொல்லிப் பார்த்த பிறகு, “சேர், ஞாயித்துக்கெழம போன ஓஃப் பண்ணி வைப்பேன். திங்கள் காலையில எட்டு மணிக்கு லிஸ்ட்டோட வாறேன். மாமா முறை ஆளோட ஃபைல மட்டும் வேற ஒராளுக்குக் குடுங்க.” இவ்வளவுதான். மெனேஜர் சம்மதிப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனால் மூன்று மணிக்கு விழித்துப் புரண்ட கவலையில் எது பேசித் தீர்க்கக்கூடியது, எது முடியாதது என்று பிரிந்துவிடுகிறது.

இதே இடத்தில் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். சிக்காகோவுக்கு அருகில் வெஸ்டர்ன் இலெக்ட்ரிக் கொம்பனியின் ஹாதோர்ன் தொழிற்சாலை 1936இல் தன் தொழிலாளர்களுக்கென்றே ஆலோசகர்களை நியமித்தது. அவர்கள் பட்டறைக்குள் நடந்து திரிந்து குறைகளைப் பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் எதையும் மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கொதிக்கும் பானையின் மூடியைச் சற்றே திறந்து ஆவியை விடும் வேலை என்பதுதான் விமர்சகர்களின் குற்றச்சாட்டு. 1956இல் அந்தத் திட்டம் மூடப்பட்டது. அண்மையில், 2024இல், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பிளெமிங் பிரித்தானியாவின் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்தார். மனவுறுதிப் பயிற்சி, தியானச் செயலி, அழுத்த முகாமைத்துவ வகுப்பு போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருப்பதாகத் தெரியவில்லை. இது தனியே உட்கார்ந்து பேசும் உளவளத்துணைக்கு எதிரான தீர்ப்பு அல்ல. வருடத்துக்கு ஒரு நாள் ஹோட்டலில் ஒரு ‘மோட்டிவேஷன்’ பேச்சு வைத்துப் பகல் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு, ஊழியர் நலனைக் கவனித்தாயிற்று என்று நினைக்கும் நிறுவனங்களுக்குத்தான் இது உறைக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2022 வழிகாட்டலும் வேலை முறையை மாற்றுவதையும் மேலாளர்களைப் பயிற்றுவிப்பதையும் தனிநபர் உதவியோடு சேர்த்தே சொல்கிறது.

ஜப்பானில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2015 டிசம்பரிலிருந்து வருடந்தோறும் அழுத்தப் பரிசோதனை கட்டாயம். அதில் நமக்குப் பயன்படும் அம்சம் ஒன்று உண்டு: முடிவு ஊழியரின் கைக்குத்தான் போகும், அவர் சம்மதிக்காமல் முதலாளிக்குக் கொடுக்க முடியாது. அலவத்துகொட போன்ற இடத்தில் எல்லாமே இந்த இரகசியத்தில்தான் நிற்கிறது. கொம்பனியே ஒழுங்குசெய்யும் உளவளத்துணையாளர், மனிதவளப் பிரிவின் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தால், கதவைத் தட்ட யார் துணிவார்கள்?

உதவி இல்லாமலும் இல்லை. பிரதேச செயலகங்களில் அரசாங்கத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. நேரில் போகத் தயங்குபவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 1333 என்ற இன்னோர் உதவி இலக்கத்தில் மூன்று மொழிகளிலும் பேசலாம். 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள், பெயர்கூடக் கேட்காமல் செவிகொடுப்பவர்கள். மொழியை அலட்சியமாக எண்ண வேண்டாம். கடையில் சிங்களத்தில் சரளமாக வியாபாரம் பேசுபவருக்கும், மூன்று மணி விழிப்பைச் சொல்லத் தாய்மொழிதான் வரும். கண்டி மாவட்டத்தில் தமிழில் உளவளத்துணை தரக்கூடியவர்களை அதிகரிப்பது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை.

முதலாளிமார் செய்யக்கூடியது அதைவிடச் சுலபம், செலவும் இல்லை. பிரதேச செயலகம் திறந்திருப்பது காலை எட்டரையிலிருந்து மாலை நாலேகால் வரை. ஆஸ்பத்திரிக் கிளினிக்கும் காலையில்தான். அதே நேரத்தில் நமது ஊழியர் கவுண்டரிலோ மெஷினிலோ இருக்கிறார். போக வேண்டுமென்றால் அரைநாள் லீவு போட வேண்டும். லீவுப் படிவத்தில் காரணம் எழுதும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்டுத்தர ஒரு மெனேஜர் தயாராக இருந்தால், மாதம் இரண்டு முறை யாரும் கவனிக்காமல் போய்வரலாம்.